உம் பெயர் எழுதிய சட்டை

அன்பு மாப்பிள்ளைக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீர் போய் இரண்டு வருடமாகப் போகிறது. அன்றைக்கு ஆற்றங்கரையில் எல்லாம் முடித்து, குளித்து, ஈர வேட்டியோடு முக்கூடல் வீட்டுக்குள் நுழைந்தபோது உம் மனைவி, என் தங்கை, என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, இனிமே நீ எவனுக்கும் ஒண்ணும் எழுதாத. பாப்பா ஆடி முடிக்க வரைக்கும் எழுதாத." புருஷனைப் பறிகொடுத்த அன்று ஒருத்தி கேட்கிற வரமா இது? தலையை ஆட்டினேன். அதன் பிறகு யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை.

இப்போது உமக்குத்தான் எழுதுகிறேன். நீர் அந்த 'எவன்' கணக்கில் வரமாட்டீர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் செய்தி. உம் மகள் வெளிநாடு போய்விட்டாள், மாப்பிள்ளை. போர்ச்சுகல். ஐரோப்பாவின் மேற்கு ஓரம், அதற்கப்புறம் கடல்தான். அங்கே ஒரு சின்ன ஊரின் பெண்கள் கூடைப்பந்து அணி அவளை எடுத்திருக்கிறது. இரண்டாம் பிரிவு. தங்க ஓர் அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். சாயங்காலம் அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கிவிட வேண்டும். நீர் இருந்திருந்தால் அன்றைக்கு ரயிலில் டிக்கெட் பார்க்கிற சாக்கில் பெட்டி பெட்டியாகப் போய் இதைச் சொல்லியிருப்பீர். டிக்கெட் இல்லாதவனைக்கூட உட்காரச் சொல்லியிருப்பீர்.

ஆனால் அவள் அங்கே இன்னும் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்கு நம் பாப்பாவைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

ஒன்பதாம் வகுப்பிலேயே அவள் என் உயரத்தைத் தாண்டிவிட்டாள். விசேஷ வீடுகளில் பெண்கள் கூடி நின்று அவளை அண்ணாந்து பார்ப்பார்கள். உம் அக்கா ஒரு கல்யாணப் பந்தியில் வைத்தே கேட்டாள்: "இவளுக்கு மாப்பிள்ள தென்னமரத்துலதான் பாக்கணும் போலயே?" நீர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னீர்: "நல்லதுக்கா. தென்னமரம்னா வரதட்சண கேக்காது." பந்தியே சிரித்தது. பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை வழக்கத்தைவிட அதிக நேரம் பந்தடித்தாள்.

பள்ளிக்கூடத்து ஆடுகளத்துக்குக் கூரை ஏது? இரண்டு வளையங்களில் ஒன்றுதான் நேராக இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் பழகுவார்கள். ஆனி பிறந்தால் மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பி, கையை விட்ட பந்தைத் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். அதனால் நம் பிள்ளைகள் வளையத்தைப் பார்த்து எறிவதில்லை. வளையத்துக்கு மேற்கே ஒரு சாண் தள்ளி எறிவார்கள். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

விளையாட்டு விடுதித் தேர்வுக்காகச் சென்னையில் முதன்முதலாக உள்ளரங்கத்தில் அவள் நின்றபோது, எறிந்ததெல்லாம் ஒரே பக்கமாக விலகி விழுந்தது. தேர்வு செய்ய வந்தவர் உம்மைக் கூப்பிட்டு, "பொண்ணுக்குக் கண்ணுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. ஒங்க ஊர்லதான் காத்து இல்ல" என்றீர். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் காலை இன்னொரு முறை எறிய வைக்கச் சம்மதித்தார். மறுநாள் அவளுக்குக் காற்று தேவைப்படவில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு விடுதியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து மாநில அணி. எல்லாம் நீர் இருக்கும்போதே நடந்தது. உமக்கு அந்த நிம்மதியாவது மிஞ்சியது.

நான் சொல்ல வந்தது விடுதிக்குப் போவதற்கு முந்தைய வருடத்தை. பத்தாம் வகுப்பில் அவளை மாவட்ட அணிக்கு எடுக்கவில்லை. அன்றைய தேர்வில் களத்தில் அவளைவிட நன்றாக ஆடியவர் யாரும் இல்லை. மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை. கண் உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் இடத்தில் மாவட்டக் கூடைப்பந்துச் சங்கச் செயலாளரின் கூட்டாளி மகள் ஒருத்தி போனாள். அந்தப் பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் பந்து ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள்.

மனு எழுதினேன். ஆறு பக்கம். என் பெயர், முன்னெழுத்து, பட்டங்கள், கதவு எண், கையெழுத்து எல்லாம் போட்டு, மேலே இருக்கிற ஒருவரையும் விடாமல் நகல் அனுப்பினேன். அதில் ஒரு வரி பொய் கிடையாது. இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். செயலாளரின் இரும்புக் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். போய்விட்டார்கள்.

அதற்கு மறுவாரம் நீர் எனக்குச் சொல்லாமல் அதே இரும்புக் கடை வாசலில் போய் நின்றீர். எனக்காக மன்னிப்புக் கேட்டீர். ஊரார் வாயால் தெரிந்து, உம் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டேன்.

"ஏன் வே போனீரு? தப்பு அவன் மேல."

"தப்பு அவன் மேலதான் மச்சான். பந்தும் அவன் கையிலதான வே இருக்கு."

சிரித்துக்கொண்டு சொன்னீர். நான் நாலு மாதம் உம்மிடம் பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை. இறந்தவர் மேல் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். பின்னே இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்னொரு கோபமும் இருக்கிறது. நம் பக்கத்தில் பந்தடிப்பது எதற்கு? விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. நீரும் அப்படித்தான் ரயில்வேக்குப் போனீர். வேலை உத்தரவு வந்த வாரமே உம் பூட்ஸ் பரணுக்குப் போய்விட்டது. நான் ஒன்றும் குறை சொல்லவில்லை, அப்படித்தான் எல்லாரும் செய்தார்கள். ஆனால் பாப்பாவிடம் மட்டும் ஏன் வேறு மாதிரி சொல்லி வைத்தீர்? "நான் வேலைக்காக ஆடுனேன். நீ ஆடுததுக்காக ஆடுடீ" என்று ஏன் சொன்னீர்? போர்ச்சுகலிலிருந்து அழைப்பு வந்த அதே மாதம் அவளுக்கு அரசு வேலைக்கான அழைப்பும் வந்தது. உம் மனைவி வேலையைப் பிடி என்று கெஞ்சினாள். பாப்பா சுவரில் இருக்கும் உம் படத்தைக் காட்டி, "அப்பா சொன்னத நீயும் கேட்டல்லா?" என்றாள். வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இப்போது அவளுக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. யாரைக் கேட்க?

அழைப்பு வந்த விதம் எளியது. கல்லூரியில் அவளோடு ஆடிய ஒரு பெண் அந்த நாட்டுக்குப் படிக்கப் போனாள். அவள் பாப்பாவின் வீடியோக்களை அங்குள்ள பயிற்சியாளர் அம்மாவிடம் காட்ட, அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. அவ்வளவுதான். மனு இல்லை, சிபாரிசு இல்லை, பொன்னாடை இல்லை. இப்படியும் உலகத்தில் ஓர் இடம் இருக்கிறதா என்று ஒரு வாரம் நான் நல்ல மனிதனாகத் திரிந்தேன்.

பிறகுதான் தடையில்லாச் சான்று என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு நாட்டில் ஆடியவர் இன்னொரு நாட்டு அணியில் ஆட வேண்டுமானால், பழைய நாட்டுச் சங்கம் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும். நம் வழக்கப்படி அது கீழேயிருந்து மேலே ஏற வேண்டும். இங்கேயிருந்து நம் செயலாளர் ஒரு வரி எழுதினால்தான் மேலே உள்ளவர்கள் பேனாவைத் திறப்பார்கள்.

"புள்ள கெளம்பட்டும் சார். காயிதம் பைய வரும். நம்ம புள்ளைய நாம விட்டுருவமா?" என்றார் செயலாளர். புள்ளை கிளம்பினாள். காகிதம் வரவில்லை.

ஒரு மாதம் பார்த்துவிட்டு உம் மனைவி பழத்தட்டோடு இரும்புக் கடைக்குப் போனாள். அவளை உட்காரவைத்து, குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, மரியாதையாகச் சொன்னாராம்: "நான் என்னம்மா செய்ய? ஒங்க அண்ணன் எழுதுன காயிதம் ஃபைல்லதான் கெடக்கு. கமிட்டி கூடுனா அத எடுத்து வாசிக்காவ. கீழ கையெழுத்து வேற பெருசா போட்டிருக்காவ." வீட்டுக்கு வந்து அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அடுத்து செயலாளர் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார். உம் நினைவாக ஒரு போட்டி நடத்தப்போகிறார்களாம். மேடையில் நான் செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தினால் கமிட்டியின் மனசு இளகிவிடுமாம். நம் பக்கத்துப் போட்டிகள் எப்படித் தொடங்கும் என்பது உமக்குத் தெரியாததா? பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டு, மேடையில் ஒருவருக்கொருவர் சரிகைத் துண்டு போர்த்தி முடிப்பதற்குள் பந்தே சூடேறிவிடும். செயலாளர் வீட்டுப் பீரோவிலிருந்து அதே துண்டுகள்தான் அடுத்த மேடைக்கும் வரும். இதையெல்லாம் பார்த்து நாம் இருவரும் எத்தனை தடவை வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

போனேன், மாப்பிள்ளை. போர்த்தினேன்.

நான் பாடம் எடுத்த கல்லூரியில் தாளாளரின் அறுபதாம் கல்யாணத்துக்கு மாலை போடாததால் துறைத்தலைவர் நாற்காலி எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. அன்று வளையாத முதுகை உமக்காக வளைத்தேன். ஃபிளெக்ஸ் பேனரில் கறுப்புக் கோட்டோடு நீர் சின்னதாக இருந்தீர். பக்கத்தில் செயலாளர் உம்மைவிடப் பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டு இருந்தார். ஒலிபெருக்கியில் "அன்னாரின் மைத்துனர் பேராசிரியர் அவர்கள்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். துண்டை அவர் தோளில் போட்டபோது காதோரம் கேட்டார்: "என்ன சார், ஆறு பக்கம் எழுதுன கையி, துண்டும் நல்லாத்தான போத்துது?"

துண்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தேன். முன்வரிசையில் உம் மனைவி மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கடை வாசலில் நின்றபோது உமக்கும் இப்படித்தான் இருந்ததா? அதை மறைக்கத்தான் என்னிடம் சிரித்தீரா?

மறுவாரம் கேட்டால், "மேல அனுப்பியாச்சு சார்" என்றார். மேலே கேட்டால் எதுவும் வரவில்லை என்றார்கள். மறுபடி இவரைக் கேட்டால், "அப்படியா சொல்லுதாவ? நான் விசாரிக்கேன்" என்றார். இதற்குள் அந்த நாட்டில் பெயர் பதிவு செய்கிற காலம் முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் கழிந்து இன்னொரு முறை கொஞ்ச நாள் திறப்பார்களாம். அதையும் விட்டால் இந்த வருடம் இல்லை. ஆடாத ஆட்டக்காரிக்கு அடுத்த வருடமும் இடம் கொடுக்க அந்த ஊர்க்காரர்கள் என்ன நம் சொந்தக்காரர்களா?

பாப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். ஒரு தடவை வீடியோவில் அணிச் சட்டையைக் காட்டினாள். முதுகில் குடும்பப் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார்களாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்தை விரித்தால் அப்பன் பெயர். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் உம் பெயர்தான் இருக்கிறது. அதையே பெரிய எழுத்தில் அடித்துவிட்டார்கள். அங்கே யாருக்கும் அவள் பெயர் தெரியாது, மாப்பிள்ளை. பயிற்சியில் பந்து வேண்டும் என்றால் உம் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறார்கள். வாயில் நுழையாமல் ஒரு மாதிரி நீட்டிக் கூப்பிடுகிறார்களாம். அவள் கூப்பிட்டுக் காட்டினாள். உம் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தச் சட்டையைப் போட்டிக்குத்தான் போடுவார்கள். கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருக்கிறது.

போட்டி நாளில் பெயர் பதியாதவள் அணியோடு உட்காரக் கூடாதாம். பார்வையாளர்கள் வரிசையில் உட்காருகிறாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"இன்னைக்கும் நான் கலர் டிரெஸ்தான் மாமா."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சாங்க."

அந்த 'ஜெயிச்சாங்க' என் காதிலேயே நிற்கிறது. அவள் பந்து பழக்கிவிடுகிற பிள்ளைகளில் ஒருத்தி, நீ எப்போது ஆடுவாய் என்று கேட்டாளாம். அந்த ஊர்ப் பாஷையில் அவள் முதலில் நன்றாகக் கற்றுக்கொண்ட வாக்கியம் 'அடுத்த வாரம்' என்பதாம். முன்பெல்லாம் போனை எடுத்ததும், "காயிதம் வந்துச்சா மாமா?" என்பாள். மூன்று வாரமாக அதைக் கேட்பதில்லை. "இங்கன ஒரு ஆறு இருக்கு. கால வச்சா ஐஸ் மாதிரி இருக்கு" என்கிறாள். அம்மா சாப்பிட்டாளா என்கிறாள். கேட்காமல் இருப்பது எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அவள் கேட்டால் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

உம் அக்கா மறுபடி ஜாதகத்தோடு வர ஆரம்பித்துவிட்டாள். உம் மனைவி போன வாரம், "கூப்பிட்டுக்கிடுவோமா அண்ணே?" என்று கேட்டாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள். அதுதான் பயமாக இருக்கிறது.

உண்மையைக் கையெழுத்துப் போட்டு எழுதிப் பார்த்தேன். ஊமையாக இருந்து பார்த்தேன். குனிந்தும் பார்த்தேன். மூன்றுக்கும் அந்த மனிதரிடம் ஒரே பதில்தான். நான் படித்த படிப்பில் நான்காவதாக ஒன்றைச் சொல்லித்தரவில்லை.

இதை எழுதி முடித்துத் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். வாக்கு அவளுக்குக் கொடுத்தது அல்லவா? ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன் என்றதும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"அனுப்பு" என்றாள். "ஆனா ஒம் பேரு வேண்டாம்."

"மொட்டைக் கடுதாசி எழுதச் சொல்லுதியா?"

"அந்த ஆறு பக்கத்துக்கு அடியில இருந்த ஒங் கையெழுத்ததான அண்ணே எட்டு வருஷமா ஊர் பூரா காட்டிக்கிட்டு அலையுதான்? காட்டுததுக்கு இன்னொண்ண நீயே ஏன் குடுக்க?"

மொட்டைக் கடிதம் எழுதுபவனை வாழ்நாள் முழுக்கக் கேவலமாகப் பேசியவன் நான். கல்லூரியில் என்னைப் பற்றி ஒன்று வந்தபோது, எழுதியவனுக்கு முதுகெலும்பு கிடையாது என்று வகுப்பிலேயே சொன்னேன். ஆனால் அவள் சொன்னதை யோசித்துப் பார்த்தால், அவளுக்கு என்னைவிட அந்த மனிதரை நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதை வாசித்தால் முதல் பக்கத்திலேயே அவருக்கு ஆளைத் தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் கையெழுத்து இல்லாத இதைக் கமிட்டியில் எடுத்துக் காட்ட வேண்டுமானால், இந்தச் செயலாளர் நான்தான் என்று அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

இதனால் ஏதாவது நடக்குமா? மேலே உள்ள யாராவது வாசித்துவிட்டு, அந்தக் காகிதம் எங்கே என்று ஒரு போன் போடலாம். போட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நம் நாட்டில் வாசிக்கிறவர்கள் வேறு, போன் போடுகிறவர்கள் வேறு.

உமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஊர்ப் பெயர்ப் பதிவுக் கதவு மறுபடி திறந்து மூடுகிறவரை வாரம் தவறாமல் இரும்புக் கடைக்குப் போவேன். உட்காரச் சொல்லாவிட்டால் நிற்பேன். அவர் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்வேன். அப்படியும் அவள் ஆடாமல் திரும்பி வந்தால், ரயில் ஜங்ஷனில் நானே போய் நிற்பேன். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வீட்டில் வேறு யாரையும் கேட்கவிட மாட்டேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான், மாப்பிள்ளை.

உம் பெயரையும் பாப்பாவின் பெயரையும் எங்கும் எழுதவில்லை. உறையின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியை எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு உறை எடுத்தேன். முன்னெழுத்தும் பட்டமும் கதவு எண்ணும் இல்லாமல் நாளைக் காலை இதைத் தபால் பெட்டியில் போடப்போகிறேன்.

இப்படிக்கு,
உம் மச்சான், பாப்பாவின் மாமன்.
அதற்குக் கீழே கையெழுத்து இல்லை.